இரண்டு தலை வயர்

மச்சான்,

உன் சாமான் பெட்டியைத் திறந்ததும் ரப்பரும் ரோஜாப் பவுடரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கரண்டு வேலைக்கான ரப்பர் கையுறைக்குள் அதற்கென்று விற்கிற வெள்ளைத் தூளைத்தான் போட வேண்டும், முகத்துக்குப் பூசுகிறதைப் போடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ கேட்டாயா? “இதுதான் நல்லா மணக்குது லா” என்று சொல்லிக் கடைசிவரை அந்த ரோஸ் டப்பாவையே தட்டிக்கொண்டிருந்தாய். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. வாடை மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் மனைவிதான் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். பிரிஞ்சாங் டவுனில் மகனோடு இருக்கிறாள், உனக்குத் தெரிந்த அதே மாடி வீடு. “அண்ணே, பெட்டிய நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிருங்க. இங்க யாரு அதத் தொடப் போறா?” என்றாள். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கையுறையின் வாயைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் ஓரத்தில் மெல்லக் கசிந்தது. பழக்கம், என்ன செய்ய. ஆள் போன பிறகும் அவன் கையுறையைச் சோதித்துப் பார்க்கிற கிறுக்கு உலகத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

கையுறைக்கு அடியில்தான் அந்த வயர் கிடந்தது. நடுவில் வெட்டி இரண்டாக்கி, வெட்டிய முனைகளில் கறுப்பு டேப் சுற்றி, பாம்புபோல் வளைத்து வைத்திருந்தாய். நீட்டிப் பார்த்தேன். வழக்கமாக ஒரு முனையில் பிளக் இருந்தால் மறுமுனையில் அது போய் உட்காருகிற ஓட்டை இருக்கும். இதில் இரண்டு முனையிலும் பிளக். ஒரு தலையை ஜெனரேட்டரில் சொருகினால் மறுதலையின் பித்தளைப் பற்கள் வெறுமனே கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கை பட்டால் ஆள் காலி. அப்படி ஒரு சாமானை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். யாராவது உட்கார்ந்து கையால் செய்தால்தான் உண்டு.

செய்தவன் நான். இதை உன்னிடம் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருடமாக வாய் வரவில்லை. கேட்க நீ இல்லாதபோது எழுதுகிறேன். கெட்டிக்காரன்தான், இல்லையா?

உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே தோட்டத்து லயம், ஒரே தொழிற்சாலை. சார்ஜ்மேன் பரீட்சைக்கு ஈப்போவுக்குப் போனதும் ஒரே பஸ்ஸில்தான். அந்தச் சர்டிபிகேட் உள்ள ஒருவன் இருந்து, அவன் படத்தோடு அது மெயின் சுவிட்ச் அறைச் சுவரில் தொங்கினால்தான் தேயிலைத் தொழிற்சாலை தன் பெரிய கரண்டை வைத்து ஓடலாம். எழுத்துப் பரீட்சையில் உனக்கு என்னைவிட மார்க் கூட. வாய்மொழிப் பரீட்சையில்தான் கவிழ்ந்தாய். அந்த அதிகாரி இரண்டு பேரிடமும் மலாயில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “கரண்டை நிறுத்தி விட்டாய். ஆனாலும் டெஸ்டர் எரிகிறது. என்ன செய்வாய்?” நான் புத்தகத்தில் இருந்த ஏழு படிகளையும் ஜெபம் சொல்வதுபோல் வரிசையாக ஒப்பித்தேன். நீ என்ன சொன்னாய்? “பெர்கி தெங்ஙொக் லா, என்சிக்.” போய்ப் பார்ப்பேன் ஐயா என்று. அவ்வளவுதான். அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

திரும்பி வரும்போது மலைப்பாதை முழுக்கப் புலம்பினாய். “தப்பா என்னடா சொன்னேன்? எரிஞ்சா போய்த்தான பாக்கணும்? போய்ப் பாக்காம ஏழு படி ஏறி என்ன பண்றது?” நான் சிரித்துச் சிரித்து இருமினேன். பிறகு சுவரில் என் சர்டிபிகேட் ஏறியது. நீ வயர்மேனாகவே இருந்தாய். ஒரே லயத்தில் பிறந்த நான் உனக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவன் ஆனேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மட்டும் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை வாரா வாரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வயரைச் செய்தது அந்தச் சர்டிபிகேட் வருவதற்கு முந்தைய கிறிஸ்மஸுக்கு. மழைக்காலம், அடிக்கடி கரண்டு போய்க்கொண்டிருந்தது. எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் பாட்டுப் பயிற்சி. உபதேசியார் வந்து, “சவரி, மண்டபத்துல பதினாலு பல்பு இருக்கு, ஜெனரேட்டர்ல ரெண்டு ஓட்டைதான் இருக்கு. ஏதாச்சும் பண்ணு லா” என்றார். ஜெனரேட்டரின் கரண்டைச் சுவரில் உள்ள பிளக் ஓட்டை வழியாகவே மண்டபத்துக்குள் தள்ளிவிட்டால் பதினாலு பல்பும் எரியும். பத்து நிமிட வேலை. மூட்டை தைக்கிற நூலை எடுத்து, பிளக்குக்கு உள்ளே வயரை இறுக்கிக் கட்டி, திருகு போட்டுக் கொடுத்தேன். தேயிலை மூட்டை நூலை வைத்துப் பிளக் கட்டுகிறவன் இந்த மலையில் நான் ஒருவன்தான். அதற்கு எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள், நீதான் முதல் ஆள்.

“மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் சொருகணும், இல்லன்னா கரண்டு வெளியில இருக்கிற கம்பத்துக்குப் போயிரும். வேல முடிஞ்சதும் அலமாரில வச்சுப் பூட்டிருங்க” என்று உபதேசியாரிடம் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார். அதோடு நான் மறந்துவிட்டேன். சாவி அலமாரிக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்ததை யோசித்துப் பார்த்தால்தானே?

ஈஸ்டர் முடிந்தது. என் சர்டிபிகேட் சுவருக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை பகல், மண்டபத்துக்குப் போகிற லைன்மேல் மரக்கிளை சாய்ந்து ஃபியூஸ் போய்விட்டது. தொழிற்சாலையில் கரண்டு இருந்தது, மண்டபத்துக்கும், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பாலர் வீட்டுக்கும் போகிற அந்தக் கிளை லைன் மட்டும்தான் செத்துக் கிடந்தது. நாம் இருவரும் போனோம். கீழேயிருந்த ஃபியூஸ் கம்பத்தில் மூன்று ஃபியூஸையும் பிடுங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கிளை விழுந்த இடம் அங்கிருந்து மூன்று கம்பம் தள்ளி, தேயிலைச் சரிவுக்கு மேலே. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

உன் பாட்டு அங்கே ஆரம்பித்தது. டெஸ்டர் எரியவில்லை என்றால் கம்பியில் கரண்டு இல்லாமலும் இருக்கலாம், டெஸ்டரே செத்துப் போயும் இருக்கலாம். ஆகவே முதலில் கரண்டு இருக்கிற இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்கிற இடத்தில் பார்க்க வேண்டும், பிறகு திரும்பப் போய் இருக்கிற இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் கரண்டு இருக்கிற இடம் மூன்று கம்பம் கீழே இருந்தால் எவன் இறங்கி ஏறுவான்? நீ ஏறுவாய். இறங்கி ஏறுவது மட்டுமில்லை, ஒவ்வொரு தடவையும் மலைக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். இருக்கு! இல்ல! இருக்கு! கொழுந்து பறிக்கிற பெண்கள் உன்னைக் கண்டாலே, “என்னாண்ணே, இருக்கா இல்லியா?” என்று சரிவிலிருந்து கூவுவார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நீ இறங்கி ஏறுவதற்குள் நான் வேலையையே முடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு நீ ஏணியில் நின்று முதல் கம்பியில் டெஸ்டரை வைத்தாய். இல்ல. இரண்டாவதில் வைத்தாய். இல்ல. மூன்றாவதில் வைத்தாய், சத்தமே வரவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன்.

“இருக்கு” என்றாய், கத்தாமல்.

“டெஸ்டர் கெட்டுப்போச்சுடா. ஃபியூஸ் மூணும் என் பாக்கெட்ல இருக்கு, பாரு” என்று பாக்கெட்டைத் தட்டிக் காட்டினேன். “இறங்கு, நான் ஏறுறேன். ஒரு கம்பியக் கட்டறதுக்கு ஒரு நாளா?”

ஏணியின் முதல் படியில் காலும் வைத்துவிட்டேன். உன் பூட்ஸ் என் தலைக்கு மேலே இருந்தது. நீ இறங்கவுமில்லை, வழி விடவுமில்லை. மூன்றாவது கம்பியில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாய். பிறகு உன் முகத்தில் வந்த அந்தக் களை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பயமில்லை அது. சந்தையில் புதிதாக ஏதோ பழம் பார்த்தவன் முகம்.

“ஃபியூஸும் உன் பாக்கெட்ல இருக்கு, கரண்டும் கம்பியில இருக்கு. ரெண்டும் எப்பிடிடா ஒண்ணா இருக்கும்? வா, போய்ப் பாப்போம்.”

பரீட்சையில் உன்னைக் கவிழ்த்த அதே பதில். அதற்கு அன்றைக்கு நான் மார்க் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உன் பின்னால் வந்தேன். கம்பம் கம்பமாகக் கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தாய். பாலர் வீடு சனிக்கிழமை என்பதால் பூட்டிக் கிடந்தது, மெயினும் ஆஃபில் இருந்தது. வளைவு திரும்பியதும்தான் பெட்ரோல் வாடையும் மல்லி மிளகாய் வாடையும் சேர்ந்து வந்தன. அதன் பிறகு ஜெனரேட்டரின் சத்தம். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது மச்சான். மண்டபத்துக்குக் கரண்டு போவது அந்த மூன்றாவது கம்பி வழியாகத்தான். நீ என்னை முந்திக்கொண்டு ஓடினாய்.

மண்டபத்தில் மறுநாள் கல்யாணம். மேரியக்காவின் மகளுக்கு. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து தேங்காயும் மசாலாவும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மேரியக்கா உன்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்தாள்.

“கரண்டு போயி எம்புட்டு நேரமாச்சு! நீங்க வர்றதுக்குள்ள எம் மக புள்ளையே பெத்துருவா. அதான் கோலா தெர்லாவுல இருந்து கொழுந்தன வரச் சொல்லி, காய்கறித் தோட்டத்து ஜெனரேட்டர லோரில எறக்கிட்டோம்.”

“மெயின ஆஃப் பண்ணீங்களாக்கா?”

“எந்த மெயினு?”

உபதேசியார் மாலை வாங்க பிரிஞ்சாங்குக்குப் போயிருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, கிறிஸ்மஸில் பார்த்த ஞாபகத்தில் அவளே சொருகியிருக்கிறாள். நீ ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தாய். மிக்ஸி எல்லாம் ஒன்றாக நின்றன. பெண்கள் கத்தினார்கள். நீ அந்த வயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிக்கொண்டே சொன்னாய்.

“நீங்க இங்க தேங்கா அரைக்கிறீங்கக்கா. அங்க கம்பத்துல நான் அரைபட்டிருப்பேன்.”

மேரியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு மிக்ஸியைத் தனியே ஜெனரேட்டரிலேயே மாட்டிக் கொடுத்தாய். பிறகு கேட்டாய், “இந்த வயர யாருக்கா செஞ்சது?”

“தெரியல தம்பி. கோயில் வயரு. கிறிஸ்மஸுக்குப் போட்டாங்களே, அதுதான்.”

நான் வாசற்படியில் நின்று ஒரு தட்டு மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘நான்தான்’ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு வரவில்லை. சொன்னால் சர்டிபிகேட் போகும், போனால் அடுத்த பரீட்சையில் நீ பாஸாகிச் சுவரில் உன் படம் ஏறும். அந்த நேரத்தில் இதைத்தான் நினைத்தேன் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் இதைத்தான் நினைத்தேன். நீ செத்திருப்பாய் என்பதுகூட இரண்டாவதாகத்தான் வந்தது. நான் உன்னை இறங்கச் சொல்லி ஏறியிருந்தால் செத்திருப்பது நான் என்பது மூன்றாவதாக.

திரும்பவும் கம்பத்துக்கு வந்தோம். அங்கேதான் நீ எனக்குப் புரியாத ஒரு காரியம் செய்தாய். அதுவரை ஒரு நாளும் டெஸ்டரை என் கையில் கொடுத்ததில்லை. “நீ அவசரக்காரன்” என்பாய். அன்றைக்கு அதை என்னிடம் நீட்டினாய்.

“நீ பாரு. நான் தொடறேன்.”

நீ பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். மனசுக்குள் லேசாகச் சிரித்தும்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கம்பம் இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். முதல் தடவையாக நான் கத்தினேன், இருக்கு, இல்ல, இருக்கு. நீ ஏணியில் ஏறி எர்த் கம்பியை மாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி, வெறும் கையால் அந்த மூன்றாவது கம்பியைப் பிடித்தாய். அதன் பிறகு நீ ரிட்டையர் ஆகும்வரை பத்தொன்பது வருடம், எந்த வேலையானாலும் அதே பேச்சுதான். நீ பாரு, நான் தொடறேன்.

நீ ரிட்டையர் ஆகிப் போன பிறகு இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ரிட்டையர் வயது தாண்டி இரண்டு தடவை நீட்டித்துவிட்டார்கள். ஆசையில் இல்லை, ஆள் இல்லாததால்தான். பையன்களெல்லாம் சிங்கப்பூர். விளம்பரம் போட்டதற்கு இரண்டே பேர் வந்தார்கள். ஒருவன் குளிர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான், இன்னொருவன் குளிரைக் கேட்காமலேயே போனான். மீதி இருப்பது புஷ்பா. திரிங்காப்பில் பூத்தோட்டக்காரர் வீட்டுப் பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய், வயர்மேன் சர்டிபிகேட் வைத்திருக்கிறாள். உன் இடத்துக்குத்தான் வந்தாள். மூன்று வருடமாக நானே சோதிக்கிறேன், நானே தொடுகிறேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறாள். வேறு ஒருவர் “இல்ல” என்று சொல்லி நான் கை வைக்க மாட்டேன். ஒழுங்காகச் செய்கிறவன் என்று எல்லாரும் நம்புகிற ஒருவன் என்ன செய்வான் என்று, அந்த வயரைச் செய்த எனக்குத்தானே தெரியும்.

போன மாதம் அவள் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாள். “ஜொகூர்ல ஃபேக்டரில கேக்கறாங்க அங்கிள். இங்க நான் பை தூக்கறதுக்குத்தான் படிச்சேனா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “அவங்களும் போயிட்டா ஒங்களுக்கப்புறம் பரீட்ச எழுதிச் சுவத்துல ஏற ஆளே இல்ல, எதாவது சொல்லி நிறுத்துங்க” என்றார். உன் பெட்டியைத் திறந்தபோது இதெல்லாம்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வயரைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலில் பார்த்தது திருகை. ஒரு பிளக்கில் இருந்த திருகு என்னுடையதில்லை. நீ எதைக் கழற்றினாலும் ஒரு திருகைத் தொலைத்துவிட்டு வேறு ஒன்றைப் போடுவாய். அப்படியானால் இதை நீ திறந்திருக்கிறாய். உன் பெட்டியிலிருந்தே திருப்புளியை எடுத்து நானும் திறந்தேன். உள்ளே மூட்டை நூல் இருந்தது. நான் போட்ட முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அதே நூலால் மறுபடி கட்டியிருந்தாய். வால் நீளமாகத் தொங்கும் அந்த முடிச்சை நீ ஒருவன்தான் போடுவாய்.

உன் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். “தங்கச்சி, இந்த வயரு எப்ப இருந்து இங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“அது ரொம்பக் காலமா இருக்குண்ணே. கொண்டாந்த அன்னைக்கே மேசையில வச்சுப் பிரிச்சாரு. உள்ள பாத்துட்டு நூல மறுபடி கட்டினாரு. அப்புறம் சிரிச்சாரு. என்னாங்கன்னேன். ‘நல்லாத்தான் கட்டியிருக்கான்’னாரு. யாருன்னு கேட்டேன், சொல்லல.”

தேநீர் ஆறியது. நான் அழுததை உன் மனைவி பார்த்தாளா, தெரியாது. பார்த்தாலும் கேட்கிறவள் இல்லை.

அது அன்றைக்குச் சாயங்காலம் நடந்திருக்கிறது. ஆனால் கம்பத்தில் டெஸ்டரை நீட்டியது அதற்கு முன்பே. அப்போதே தெரியுமா உனக்கு? மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்ற என் முகத்தை வைத்தே தெரிந்துவிட்டதா? இல்லை, தெரியாமல் கொடுத்து, தெரிந்த பிறகு நிறுத்தாமல் விட்டாயா? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் மறுநாள் காலையிலிருந்து நீ எல்லாம் தெரிந்துதான் என் வார்த்தையை நம்பிக் கை வைத்திருக்கிறாய். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. தண்டனையா? சாவைக் காட்டியவன் இனிமேல் தப்புச் செய்ய மாட்டான் என்ற கணக்கா? அல்லது சும்மா, எரிந்தால் போய்ப் பார்க்கிற உன் குணமா? இந்த அவசரக்காரன் என்ன செய்வான் பார்க்கலாம் என்று பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டே இருந்தாயா?

தொழிற்சாலைக்கு வந்து பழைய லாக் புத்தகத்தைத் தேடினேன். சுவிட்ச் அறை அலமாரியில் கரையான் தொடாமல் இருந்தது. உன் கோணல் எழுத்தில் அந்த நாள். மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து லைனுக்குக் கரண்டு வந்தது, வயர் பிடுங்கப்பட்டது என்று எழுதி, அதற்குக் கீழே “செய்தவர்:” என்று போட்டு ஒரு வரி முழுக்க வெறுமனே விட்டிருந்தாய். அந்தப் பக்கத்தின் அடியில் சார்ஜ்மேன் கையெழுத்து என்னுடையது. படிக்காமலேயே போட்டிருக்கிறேன். பேனாவை எடுத்து அந்தக் காலி வரியில் சவரிமுத்து என்று எழுதி, இன்றைய தேதியும் போட்டு, மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். இரண்டு தடவை படித்தார். “இத எல்லாருக்கும் சொல்லுவீங்களா?” என்று மட்டும் கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

முதலில் புஷ்பாவுக்குத்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அதே மண்டபத்து லைனில் வேலை வந்தது, அதே மூன்றாவது கம்பம். பாதிச் சரிவில் நின்று வயரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, முழுக் கதையும் சொன்னேன். கொழுந்து பறிப்பவர்கள் யாரும் இல்லை, இப்போது மெஷின்தான். மேலே ஒரு மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு தலையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அவருக்குத் தெரியுமா அங்கிள்?”

“தெரியும்.”

“கடைசிவரைக்கும் கேக்கவே இல்லயா?”

“இல்லம்மா.”

“எப்பிடி லா ஒங்க பேச்ச நம்பித் தொட்டாரு?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் உன் களை இருந்தது, சந்தையில் புதுப் பழம் பார்த்த முகம்.

டெஸ்டரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“நீ பாரும்மா. நான் தொடறேன்.”

அவள் உடனே வாங்கவில்லை. என்னையும் டெஸ்டரையும் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு ஈரச் செடிகளுக்கு நடுவே கீழே இறங்கினாள். மூன்று கம்பம். கீழேயிருந்து சத்தம் வந்தது, இருக்கு. ஏறி வந்தாள், ஏணியில் ஏறி ஒவ்வொரு கம்பியிலும் வைத்தாள். இல்ல. இல்ல. மூன்றாவதில் நேரம் எடுத்தாள். இல்ல. மறுபடி இறங்கினாள். நான் சொல்லவில்லை மச்சான், அவளாகவே இறங்கினாள். பனி அவளை மறைத்துவிட்டது. சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம்போல் இருந்தது.

இருக்கு!

ஏறினேன். எர்த் கம்பியை மாட்டினேன். கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் செருகினேன். மூன்றாவது கம்பிக்கு முன்னால் என் கை நின்றுவிட்டது. கீழே புஷ்பா மேல்மூச்சு வாங்கிக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் உன் கை இந்த இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. நின்றிருந்தால் நான் பார்த்திருப்பேன்.

பிடித்தேன். கம்பி ஈரமாக, சில்லென்று இருந்தது.

வேலை முடிந்து இறங்கி வரும்போது அவள் கடிதத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தொழிற்சாலை வாசலில் பையை என் தோளில் மாட்டிவிட்டு, டெஸ்டரை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கொழுந்து வாட்டற ஃபேன் வேல இருக்குல்ல அங்கிள்? நான்தான் பாப்பேன்” என்றாள்.

சரி என்றேன். பை கனமாகத்தான் இருந்தது. உன் வயர் அதற்குள் இருக்கிறது.

சவரி